பரணில் கிடக்கும் கேசட்டில் இருந்து வீட்டுக் குரல்களை மீட்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

பழைய வானொலிப் பாட்டுக்காக இன்று யாரும் ஏங்க வேண்டியதில்லை. கைபேசியில் தேடினால் 1950களின் பாட்டுகூட நல்ல தரத்தில் வந்துவிடுகிறது. கிடைக்காதது வேறு. ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் அந்த அரை நிமிடத்தில் அறிவிப்பாளர் பேசியது, அவர் மூச்சுவிடாமல் வாசித்த ஊர்ப் பெயர்களும் நேயர் பெயர்களும், சிற்றலையில் குரல் ஏறி இறங்கி மறுபடி வந்தது, ரேடியோவுக்கு எதிரே டேப் ரிக்கார்டரை வைத்துவிட்டு "யாரும் பேசாதீங்க" என்று அப்பா சொன்னது, அதைக் காதில் வாங்காமல் பாட்டி வாசலில் பால்காரரிடம் கணக்கு கேட்டது. இதற்கெல்லாம் இரண்டாவது பிரதி கிடையாது. நேரடியாகப் பேசிய அறிவிப்புகளை வானொலி நிலையங்கள் பொதுவாகச் சேமித்து வைப்பதில்லை. பாட்டியின் குரலை எந்த நிலையமும் பதியவே இல்லை.

எங்கள் வீட்டில் 37 கேசட்டுகள் இருந்தன. நான்கு வருடமாக, கிடைத்த ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கணினியில் ஏற்றினேன். அதில் கற்றுக்கொண்டதை வரிசையாக எழுதுகிறேன். தவறு செய்த இடங்களையும் சொல்கிறேன், அவற்றை நீங்கள் திரும்பச் செய்ய வேண்டாம் என்பதற்காக.

முதலில் தேடுங்கள்

பரண், ட்ரங்க் பெட்டி, டிவி ஸ்டாண்டின் கீழ் அறை, கொலு பொம்மைகள் வைத்திருக்கும் அட்டைப்பெட்டி. இவை எல்லோருக்கும் தெரிந்த இடங்கள்தான். உறவினர்களிடம் கேட்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. "பழைய கேசட் இருக்கா?" என்று கேட்டால் "எல்லாம் எப்பவோ தூக்கிப் போட்டாச்சு" என்றுதான் பதில் வரும். "அந்தக் காலத்தில் நம்ம வீட்டில் யார் டூ-இன்-ஒன் வைத்திருந்தார்கள்?" என்று கேளுங்கள், ரேடியோவும் டேப் ரிக்கார்டரும் சேர்ந்த பெட்டிக்கு அதுதான் பெயர். துபாயில் இருந்து வந்த மாமா, சிங்கப்பூரில் இருந்த சித்தப்பா என்று பெயர் வரும், அப்புறம் அந்த வீட்டுக்கே நேரில் போங்கள். எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவுக்கு வளைகுடாவில் இருந்து மகன் கேசட்டில் பேசி அனுப்பியதும், வீட்டில் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து அதன் மறுபக்கத்தில் பதில் பேசி அனுப்பியதும் ஆயிரக்கணக்கான குடும்பங்களில் நடந்தது. இலங்கையில் இருந்து வெளியேறிய குடும்பங்களிலும் அப்படித்தான். அந்தக் கேசட்டுகளைப் பலர் பீரோவில் நகைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள், கேட்கக் கருவி இல்லாததால் கேட்டுப் பல வருடம் ஆகியிருக்கும்.

இன்னொரு விஷயம். கடையில் வாங்கிய பக்திப் பாடல் கேசட்டு என்று எதையும் ஒதுக்காதீர்கள். கேசட்டின் மேல் விளிம்பில் இரண்டு மூலையிலும் சின்ன ஓட்டை இருக்கும், தெரியாமல் அழித்துவிடக் கூடாது என்று கம்பெனியே அங்கே திறந்து விட்டிருக்கும். அந்த ஓட்டையின்மேல் செல்லோடேப் ஒட்டியிருந்தாலோ, காகிதத்தை மடித்துச் செருகியிருந்தாலோ, யாரோ அதன்மேல் வேறு எதையோ பதிந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். எங்கள் 37இல் ஒன்பது இப்படிப்பட்டவை. உறையில் முருகன் படம், உள்ளே இலங்கை வானொலி.

எடுத்தவுடன் ஓடவிடாதீர்கள்

ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் முதல் நாள் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு கேசட்டுக்கும் ஒரு எண் கொடுத்து, கேசட்டு, உறை, உள்ளே இருக்கும் சீட்டு மூன்றையும் கைபேசியில் படம் எடுங்கள். சீட்டில் இருக்கும் கையெழுத்தும் ஆவணம்தான். பிறகு, மேலே சொன்ன ஓட்டைகளில் செல்லோடேப் இருந்தால் பிய்த்துவிடுங்கள், வெற்றுக் கேசட்டாக வாங்கியதென்றால் அந்த மூலையில் இருக்கும் சின்னப் பிளாஸ்டிக் தாவலை உடைத்துவிடுங்கள். ஏ பக்கம் உங்களைப் பார்க்க, நாடா தெரியும் பக்கம் கீழே இருக்கும்படி பிடித்தால், மேலே இடது மூலையில் இருப்பது ஏ பக்கத்துக்கு உரியது. இதைச் செய்துவிட்டால் கை தவறி ரிக்கார்டு பொத்தானை அமுக்கினாலும் அழியாது.

இப்போது வெளிச்சத்தில் சன்னல் வழியாக நாடாச் சுருளைப் பாருங்கள். விளிம்பில் வெள்ளையாகப் பொடி படிந்ததுபோல் இருந்தால் பூஞ்சை. நம் ஊர் ஈரப்பதத்தில், அதிலும் கடலோர ஊர்களில், இது சர்வ சாதாரணம். அதைத் தனியாக ஒரு உறையில் போட்டுப் பிரித்து வையுங்கள், முகக்கவசம் போட்டுக்கொண்டுதான் கையாள வேண்டும். வடாம் மாதிரி வெயிலில் மட்டும் காய வைக்கவே வைக்காதீர்கள், சூட்டில் நாடா நெளிந்துவிடும். சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடிய டப்பாவில் சில நாள் வைத்தால் பூஞ்சை உலர்ந்து போகும். அதன்பின் நல்ல கருவியில் போடாமல், பழைய கருவி ஒன்றில் இருபக்கமும் ஓடவிட்டு, ஒவ்வொரு முறையும், நாடாவைத் தொட்டு ஒலியை எடுக்கும் ஹெட்டைத் துடைக்க வேண்டும்.

நாடா தெரியும் பக்கத்தில் நடுவே ஒரு தகட்டு ஸ்பிரிங்கில் சின்னக் கம்பளித் துண்டு ஒட்டியிருக்கும். அதுதான் நாடாவை ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கும். பழைய கேசட்டில் பசை காய்ந்து அது விழுந்திருக்கும், ஒலி மங்கி மங்கிக் கேட்பதற்குப் பாதி நேரம் அதுதான் காரணம். அப்போது கூட்டையே மாற்றிவிடுவது நல்லது. ஐந்து திருகாணி போட்ட ஏதாவது ஒரு கேசட்டை வாங்கித் திறந்து, உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு, உங்கள் நாடாவின் இரண்டு சக்கரங்களையும் அப்படியே தூக்கி வைக்க வேண்டும். திறந்தவுடன், எதையும் தொடுவதற்கு முன், நாடா எந்த வழியாகச் சுற்றிப் போகிறது என்று படம் எடுத்துக்கொள்ளுங்கள். திருகாணி இல்லாமல் ஒட்டி மூடிய கூடு என்றால் விளிம்பில் மெல்லிய கத்தியை விட்டு நெம்பித் திறக்க வேண்டும். யாருக்கும் வேண்டாத கேசட்டு இரண்டில் பழகிவிட்டு இதைச் செய்யுங்கள்.

நாடா அறுந்திருந்தால் செல்லோடேப் போட்டு ஒட்டாதீர்கள், அதன் பசை வெளியே கசிந்து அடுத்த சுற்றோடு ஒட்டிக்கொள்ளும். கேசட்டு நாடாவின் அகலம் 3.81 மில்லிமீட்டர். அதே அகலத்தில் ஒட்டுவதற்கென்றே டேப் கிடைக்கிறது, அதை ஹெட்டைத் தொடாத பின்பக்கத்தில் ஒட்ட வேண்டும்.

கருவி

வீட்டில் இருக்கும் பழைய டூ-இன்-ஒன்னுக்கு உயிர் கொடுக்க வேண்டும் என்று எனக்கும் ஆசை இருந்தது. இருபது வருடம் சும்மா கிடந்த கருவியில் உள்ளே ரப்பர் பெல்ட் இளகித் தார் மாதிரி ஆகியிருக்கும், அதில் போட்டால் நாடாவைத் தின்றுவிடும். பெல்ட் மாற்றிச் சுத்தம் செய்து தரும் மெக்கானிக்குகள் இன்னும் இருக்கிறார்கள். சென்னையில் ரிச்சி தெருவில் விசாரித்தால் யாராவது கைகாட்டுவார்கள், மற்ற ஊர்களில் பழைய ஆம்ப்ளிஃபயர் பழுது பார்ப்பவர்களைக் கேளுங்கள். நினைவுக்காக அதைச் சரி செய்து வைத்துக்கொள்ளலாம். பதிவேற்றத்துக்கு மட்டும், லைன் அவுட் (ஒலியை வயர் வழியாக நேராக வெளியே எடுக்கும் துளை) உள்ள நல்ல கேசட் டெக் ஒன்றைத் தேடுங்கள், இரவல் கிடைத்தாலும் போதும். யுஎஸ்பி வயரோடு வாக்மேன் போல விற்கும் சின்னக் கருவிகள் வேண்டாம். வேகம் நிலையாக இருக்காது, குரல் அலைபாயும்.

ஹெட், கேப்ஸ்டன் என்கிற சுழலும் மெல்லிய கம்பி, இரண்டையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக்குச்சியால் துடைக்க வேண்டும். கைக்குப் போடும் சானிடைசர் வேண்டாம், அதில் கிளிசரின் போன்றவை கலந்திருக்கும். ரப்பர் உருளையை லேசான சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்தால் போதும். பழுப்பு நிற அழுக்கு வருவது நிற்கும் வரை துடையுங்கள், நான்கைந்து கேசட்டுக்கு ஒரு முறை மறுபடியும்.

டெக்கில் இருந்து கணினிக்கு, லைன் இன் உள்ள யுஎஸ்பி சவுண்ட் கார்டு வழியாகக் கொடுங்கள். மடிக்கணினியின் மைக் துளையில் நேராகச் செருகினால் ஒலி உடைந்து வரும். இரைச்சலைக் குறைக்கும் டால்பி பொத்தானை அணைத்து வையுங்கள், வீட்டு டூ-இன்-ஒன்னில் பதிந்ததில் டால்பி இருக்காது. பேஸ், ட்ரெபிள் எதையும் தொட வேண்டாம்.

ஒரு திருகாணி, ஒரு நிமிடம்

இதைப் பெரும்பாலானோர் செய்வதில்லை, அதனால்தான் தனியாகச் சொல்கிறேன். ஹெட்டின் பக்கத்தில் இரண்டு திருகாணி இருக்கும். ஒன்றின் கீழ் ஸ்பிரிங் இருக்கும், அதைத் திருப்பினால் ஹெட் மிக மெல்லச் சாயும். அப்பாவின் டேப் ரிக்கார்டரில் ஹெட் எந்தச் சாய்வில் இருந்ததோ அதே சாய்வில் உங்கள் ஹெட்டும் இருந்தால்தான் பதிவில் உள்ள கூர்மையான ஒலிகள் எல்லாம் வெளியே வரும். கேசட்டை ஓடவிட்டு, காதில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு, இரண்டு சேனலையும் ஒன்றாக்கி வைத்து, அந்தத் திருகாணியைக் கால் சுற்றுக்கும் குறைவாக இப்படியும் அப்படியும் திருப்பிப் பாருங்கள். போர்வைக்குள் இருந்து பேசுவது போல் இருந்த குரல் சட்டென்று தெளியும் ஓரிடம் வரும். ச, ஷ போன்ற ஒலிகளைக் கவனித்தால் அந்த இடம் எளிதில் பிடிபடும். திருப்புவதற்கு முன் திருகாணியின் நிலையை மார்க்கரால் குறித்துக்கொள்ளுங்கள், வேலை முடிந்ததும் பழைய இடத்துக்குக் கொண்டுவர வசதியாக இருக்கும். முதல் மூன்று கேசட்டுகளை இது தெரியாமலே ஏற்றி முடித்து, பிறகு மூன்றையும் முதலில் இருந்து செய்தேன்.

பதிவு

ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் போதும். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஸ்டீரியோ, வேவ் கோப்பு. ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய ஒரு ஜிபி ஆகும். வீட்டுப் பதிவு மோனோவாகத்தான் இருக்கும், இருந்தாலும் இரண்டு சேனலையும் எடுங்கள். நாடாவின் ஓரம் சேதமாகியிருந்தால் ஒன்று கெட்டாலும் மற்றொன்று உதவும். ஒலியின் உச்சம் -6 டெசிபலைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கணினியில் பதிவைத் தொடங்கிவிட்டுத்தான் டெக்கில் பிளேயை அமுக்க வேண்டும். சி-60 என்றால் ஒரு பக்கம் 30 நிமிடம், சி-90 என்றால் 45. குறுக்குவழி எதுவும் இல்லை, ஓடும் நேரம் முழுக்க ஓடித்தான் ஆக வேண்டும். சி-120 நாடா மிக மெல்லியது, அதை அடிக்கடி முன்னும் பின்னும் ஓட்டாமல் ஒரே ஓட்டமாக எடுத்துவிடுங்கள். முக்கியமாக, பாட்டு முடிந்து அமைதியாகிவிட்டது என்று நிறுத்தாதீர்கள். கேசட்டு தானாக நிற்கும் வரை விடுங்கள். எங்கள் 14ஆம் எண் கேசட்டில் பாட்டெல்லாம் 22ஆவது நிமிடத்தில் முடிந்தது. அதன்பின் ஆறு நிமிடம் வெறும் இரைச்சல். 28ஆவது நிமிடத்தில் நான்கு வயதுக் குழந்தை ஒன்று "இது ஓடுதா?" என்று கேட்கிறது. அது என் அக்கா.

பக்கத்தில் ஒரு நோட்டு வைத்துக்கொண்டு நிமிடக் கணக்கோடு எழுதிக்கொண்டே கேளுங்கள். "03:10 பாட்டு முடிவு. 03:14 அறிவிப்பாளர். 03:40 குக்கர் விசில், பாட்டி குரல்." பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால் எழுதவே மாட்டோம்.

குக்கர் விசிலும் பாட்டி குரலும் பாட்டுக்கு நடுவில் அவ்வளவு துல்லியமாக எப்படி வந்தன என்று எனக்கு ரொம்ப நாள் வியப்பு. காரணம் இதுதான். அந்தக் காலத்து டேப் ரிக்கார்டர்களில் ஒலி அளவைத் தானாகச் சரிசெய்யும் சர்க்யூட் உண்டு. ரேடியோ சத்தமாகப் பாடும்போது அது மைக்கின் உணர்வைக் குறைத்து வைக்கும். பாட்டு நின்றதும், "சத்தமே இல்லையே" என்று மெல்ல மெல்ல ஏற்றிக்கொண்டே போகும். அந்தச் சில வினாடிகளில் அடுக்களை, வாசல், தெரு, காக்கை எல்லாம் ஒவ்வொன்றாக மேலே எழுந்து வரும். அறிவிப்பாளர் பேசத் தொடங்கியதும் மறுபடி பின்னால் போய்விடும். நல்ல ஹெட்ஃபோனில் கேளுங்கள், வீட்டின் கதவு மெதுவாகத் திறப்பது போலவே இருக்கும். டூ-இன்-ஒன்னில் உள்ளேயே ரேடியோவில் இருந்து நேராகப் பதிந்தவற்றில் இது இருக்காது, பாட்டு சுத்தமாக இருக்கும், வீடு இருக்காது.

சுத்தம் செய்கிறேன் என்று அழிக்காதீர்கள்

என் மனம் இன்றும் ஆறாத விஷயம் இது. இந்த வேலையை நானே செய்யத் தொடங்குவதற்கு முன், ஐந்து கேசட்டுகளை ஒரு கடையில் கொடுத்து மாற்றித் தரச் சொன்னேன். பாட்டு பாட்டாக வெட்டி, இரைச்சல் நீக்கி, எம்பி3 ஆக்கி, அழகாகப் பெயர் போட்டுக் கொடுத்தார்கள். அறிவிப்பாளரும் இல்லை, பாட்டியும் இல்லை. அவர்கள் கணக்கில் அது இடைஞ்சல். நாடாக்கள் பத்திரமாகத் திரும்பி வந்ததால் மறுபடி எடுக்க முடிந்தது. நீங்களும் வெளியே கொடுப்பதாக இருந்தால் "எதையும் வெட்டாதீங்க, எதையும் நீக்காதீங்க, இரண்டு பக்கமும் முழுசா அப்படியே வேவ் கோப்பா வேணும்" என்று எழுதியே கொடுங்கள்.

இரைச்சல் குறைக்க வேண்டுமென்றால் பிரதி எடுத்து அதில் செய்யுங்கள், மூலக் கோப்பைத் தொடாதீர்கள். சிற்றலையின் இரைச்சலை நான் பிரதியில்கூடக் குறைப்பதில்லை. கொழும்பில் இருந்து கடல் தாண்டி வந்த குரல் அப்படித்தான் கேட்டது.

வேகம் மட்டும் திருத்த வேண்டியிருக்கும். பேட்டரி தீரும் நேரத்தில் பதிந்திருந்தால் ரிக்கார்டர் மெதுவாக ஓடியிருக்கும், இப்போது சரியான வேகத்தில் போட்டால் எல்லோரும் கீச்சுக் குரலில் அவசரமாகப் பேசுவார்கள். கரண்டில் ஓட்டிப் பதிந்திருந்தால் ஒரு நல்ல உபாயம் உண்டு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதன் முனகல் பதிவில் மெல்லியதாக விழுந்திருக்கும். ஆடாசிட்டியில் அதிர்வெண் வரைபடத்தைத் திறந்து 50க்குப் பக்கத்தில் பாருங்கள். சரியாக 50இல் ஒரு கோடு இருந்தால் அது உங்கள் டெக்கின் முனகலாக இருக்கலாம், அதை விட்டு 52இல் இன்னொன்று தெரிந்தால் கேசட்டு 4 சதவீதம் வேகமாக ஓடுகிறது. வேகப் பெருக்கியில் 0.9615 என்று போட்டால் குரல் தன் நிலைக்கு வந்துவிடும்.

எந்த வருடம்?

சீட்டில் தேதி எழுதும் பழக்கம் நம் வீடுகளில் குறைவு. ஆனால் கேசட்டே சொல்லும். புதுப் பாட்டு என்று அறிவித்தால் அந்தப் படம் வந்த வருடத்தைப் பாருங்கள், பதிவு அதற்கு வெகுமுன்னால் இருக்க முடியாது. செய்தி அறிக்கை ஒட்டிக்கொண்டிருந்தால் அதிர்ஷ்டம்தான். டெல்லியில் இருந்து சரோஜ் நாராயணசுவாமி வாசிக்கும் ஒரே ஒரு செய்தியில் தேதியையே கண்டுபிடித்துவிடலாம். 1984 அக்டோபர் 31, 1987 டிசம்பர் 24 போன்ற நாள்களை ஒட்டிப் பலர் ரேடியோவைப் பதிந்து வைத்திருக்கிறார்கள், முன்னது இந்திரா காந்தி கொல்லப்பட்ட நாள், பின்னது எம்.ஜி.ஆர். மறைந்த நாள்.

நிலையத்தின் பெயர் சொல்லும் இடத்தையும் அறிவிப்பாளரையும் குறித்துக்கொள்ளுங்கள். 1925இல் கொழும்பில் தொடங்கிய வானொலி 1967இல்தான் கூட்டுத்தாபனம் ஆனது, அதனால் அறிவிப்பில் 'கூட்டுத்தாபனம்' என்று வந்தால் பதிவு அதற்குப் பிந்தியது. கே.எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி.எச். அப்துல் ஹமீத் போன்ற அதன் அறிவிப்பாளர்களின் குரலைப் பெரியவர்கள் இரண்டு சொல்லில் கண்டுபிடித்துவிடுவார்கள், பிறந்தநாள் வாழ்த்து, பொங்கும் பூம்புனல் என்று நிகழ்ச்சியின் பெயரையும் சேர்த்துச் சொல்வார்கள். தென்கச்சி கோ. சுவாமிநாதனின் 'இன்று ஒரு தகவல்' இருந்தால் சென்னை நிலையத்தின் காலை நேரம். படத்தின் வசனத்தை ஒலியாக மட்டும் போடும் ஒலிச்சித்திரம் இருந்தால், அதன் முன்னும் பின்னும் வரும் விளம்பரங்களை விட்டுவிடாதீர்கள்.

உறுதியாகத் தெரியாவிட்டால் "1980களின் நடுப்பகுதி, உறுதியில்லை" என்று எழுதுங்கள். ஊகத்தைத் தேதியாக எழுதிவிட்டால் பின்னால் வருபவர்கள் அதை நம்பிவிடுவார்கள்.

ஸ்பூல் கிடைத்தால்

சிலர் வீட்டில் அதற்கும் முந்திய ஸ்பூல் டேப்புகள் இருக்கும். கால் அங்குல அகல நாடா. முகர்ந்து பாருங்கள், வினிகர் வாடை அடித்தால் அது அசிட்டேட் நாடா, சிதையத் தொடங்கிவிட்டது, மற்றவற்றில் இருந்து பிரித்து வைத்து முதலில் அதை எடுக்க ஏற்பாடு செய்யுங்கள். இதை வீட்டில் முயல வேண்டாம், அனுபவம் உள்ளவர்களிடம் போங்கள்.

சேமிப்பும் பகிர்வும்

மூன்று பிரதி, இரண்டு வகையான இடத்தில், அதில் ஒன்று வேறு வீட்டில். வேவ் கோப்பை ஃப்ளாக் ஆக மாற்றினால் தரம் குறையாமல் இடம் மிச்சமாகும். குடும்ப வாட்ஸப் குழுவுக்கு எம்பி3 போதும். கோப்பின் பெயரில் கேசட் எண், பக்கம், வருடம் இவை மட்டும், விவரமெல்லாம் தனிப் பட்டியலில். கேசட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். செங்குத்தாக நிறுத்தி, ஸ்பீக்கருக்கும் வெயிலுக்கும் தள்ளி வையுங்கள்.

பொதுவில் போடுவதற்கு முன் இரண்டு யோசனை. சட்டப்படி, இந்தியாவின் 1957 பதிப்புரிமைச் சட்டத்தில் ஒலிபரப்பு மீதான உரிமை 25 வருடம், ஒலிப்பதிவின் உரிமை 60 வருடம். அதனால் 1985 ஒலிபரப்பின் உரிமைக்காலம் முடிந்திருந்தாலும், அதில் வரும் பாட்டுக்கு உரிமை இன்னும் இருக்கலாம். அறிவிப்புகளையும் பாட்டின் சில வினாடிகளையும் மட்டும் பகிர்வதே என் வழக்கம். இரண்டாவது, வீட்டுக் குரல்கள். மாமா வளைகுடாவில் இருந்து அழுதுகொண்டே பேசிய கேசட்டை, மாமியிடம் கேட்காமல் உறவினர் குழுவில்கூடப் போடக் கூடாது. ஆய்வுக்குப் பயன்படும் என்று தோன்றினால் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தையோ, ஈழம் சார்ந்தது என்றால் 'நூலகம்' என்ற இணைய ஆவணக் காப்பகத்தை நடத்தும் நூலகம் நிறுவனத்தையோ எழுதிக் கேட்டுப் பாருங்கள்.

பெரியவர்களை உட்கார வைத்துக் கேளுங்கள்

இதைத் தள்ளிப்போடாதீர்கள். முழுக் கேசட்டையும் போடாமல், நோட்டில் குறித்த இடங்களை மட்டும் போட்டுக் காட்டுங்கள், கைபேசியில் அவர்கள் பேசுவதையும் பதிந்துகொள்ளுங்கள். எங்கள் 21ஆம் எண்ணில் இரண்டு பாட்டுக்கு நடுவே ஒரு மணிச் சத்தம் வருகிறது, "ஐஸ் வண்டி?" என்று நோட்டில் எழுதியிருந்தேன். அம்மா கேட்டதும் சிரித்துவிட்டார். "ஐஸ் வண்டி மணி இப்படியா அடிக்கும்? இது சோன்பப்டிக்காரர். ராத்திரி எட்டரைக்குத்தான் நம்ம தெருவுக்கு வருவார்." அப்படியானால் அது இரவு ஒலிபரப்பு. நான் காலை நிகழ்ச்சி என்று குறித்திருந்தேன். அடித்துவிட்டு எழுதினேன்: இரவு 8.30, சோன்பப்டி வண்டி, தகவல் அம்மா.